பல் மருத்துவர்களுக்கு: அந்தத் திட்டைப் பற்றி முழுதாகச் சொல்லுங்கள்

மதிப்புக்குரிய பல் மருத்துவர்களுக்கு,

வணக்கம்.

வாய்ப்புற்றுநோய் பற்றிக் கடிதம் எழுதுபவர்கள் பெரும்பாலும் அரசுக்கு எழுதுவார்கள், இல்லையென்றால் புகையிலைக் கம்பெனிகளைத் திட்டி எழுதுவார்கள். நான் உங்களுக்கு எழுதுகிறேன். புற்றுநோய் மருத்துவர் எங்கள் வாயைப் பார்ப்பது காரியம் கைமீறத் தொடங்கிய பிறகுதான். அதற்குப் பல வருடங்கள் முன்பே, சொத்தைப் பல்லுக்கோ ஈறு வீக்கத்துக்கோ உங்கள் நாற்காலியில் வந்து சாய்ந்திருப்போம். கன்னத்தின் உள்பக்கத்திலோ நாக்கின் ஓரத்திலோ இருந்த திட்டின் மேல் உங்கள் விளக்கு வெளிச்சம் விழுந்திருக்கும். அந்த நேரத்தில் நீங்கள் என்ன சொல்கிறீர்கள், என்ன எழுதி வைக்கிறீர்கள், மறுபடி எப்போது வரச் சொல்கிறீர்கள் என்பதைப் பற்றித்தான் இந்த மடல்.

என் நாக்கின் இடது ஓரத்தில் அப்படி ஒரு வெள்ளைத் திட்டு பல வருடங்களாக இருக்கிறது. லியூகோபிளேக்கியா. பயாப்சி எடுத்துப் பார்த்தாயிற்று, இப்போது ஒழுங்கான கண்காணிப்பிலும் இருக்கிறேன். என் வைத்தியத்துக்கு வழி கேட்டு நான் எழுதவில்லை. ஆனால் முதன்முதலில் அதைப் பார்த்த மருத்துவர் சொன்னது எனக்கு வரிக்கு வரி ஞாபகம் இருக்கிறது: "ஒன்றுமில்லை, வைட்டமின் குறைபாடாக இருக்கும். நீங்கள் சிகரெட், புகையிலை எதுவும் தொடுவதில்லை அல்லவா? அப்புறம் என்ன பயம்?" பிறகு வேறொருவர் பார்த்துவிட்டு, "இது புற்றுநோய்க்கு முந்தைய நிலை" என்று ஒரே வரியில் சொல்லி அடுத்த நோயாளியைக் கூப்பிட்டார். முதலாமவர் சொன்னதை நம்பி நிம்மதியாக வீட்டுக்குப் போனேன். இரண்டாமவர் சொன்னதைக் கேட்டு ராத்திரி முழுக்கத் தூங்காமல் கிடந்தேன். இரண்டு பேரும் எனக்குத் தேவையானதைச் சொல்லவில்லை.

இதில் நான் தனி ஆள் இல்லை என்பதைப் பின்னால் படித்துத் தெரிந்துகொண்டேன். இந்த வகைத் திட்டுகளையும் புண்களையும் எல்லாம் சேர்த்தால், உலக அளவில் நூறு பேரில் ஏறக்குறைய நான்கு பேருக்கு ஏதோ ஒன்று இருக்கிறது என்று, பல ஆய்வுகளைச் சேர்த்துக் கணக்கிட்டு 2018இல் வந்த தொகுப்பாய்வு ஒன்று சொல்கிறது. அப்படியானால் உங்களில் யாரும் இதைப் பார்க்காமல் இருக்க முடியாது.

"ஒன்றுமில்லை" என்பதற்கும் "புற்றுநோய்" என்பதற்கும் நடுவில் அகலமான ஓர் இடம் இருக்கிறது. நாங்கள் வாழ்வது அங்கேதான். அந்த இடத்தின் அளவுகள் உங்களுக்குத் தெரியும், எங்களுக்குத் தெரியாது. 2020இல் வந்த பெரிய தொகுப்பாய்வு ஒன்று இத்தகைய வாய் நோய்கள் எல்லாவற்றையும் சேர்த்துக் கணக்கிட்டதில், புற்றுநோயாக மாறியவை சுமார் 8 சதவீதம். வகைவாரியாகப் பிரித்தால்தான் விஷயம் புரிகிறது. வெள்ளைக் கோடுகள் வலை மாதிரி படரும் லைக்கன் பிளானஸ் என்றால் 1.4 சதவீதம். வாய் இறுகிப் போகும் சப்மியூகஸ் ஃபைப்ரோசிஸ் என்றால் 5 சதவீதத்தை ஒட்டி. லியூகோபிளேக்கியா என்றால் 9.5. எரித்ரோபிளேக்கியா என்ற சிவப்புத் திட்டு என்றால் 33. வாய்க்குள் பல இடங்களில் மரு மாதிரி பரவிக்கொண்டே போகும் வெருக்கஸ் வகை லியூகோபிளேக்கியா என்றால் ஏறக்குறைய பாதிப் பேர்.

ஒன்றரை சதவீதமும் ஐம்பது சதவீதமும் ஒரே பெயருக்குக் கீழே வருகின்றன. இதில் எந்த வகை எனக்கு இருக்கிறது என்று சொல்லாமல் "புற்றுநோய்க்கு முந்தைய நிலை" என்று மட்டும் சொல்லி அனுப்பினால், லைக்கன் பிளானஸ் உள்ளவர் உயில் எழுதப் போவார், வெருக்கஸ் வகை உள்ளவர் அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிடுவார். லியூகோபிளேக்கியாவில் பத்தில் ஒன்பது பேருக்குப் புற்றுநோய் வருவதில்லை என்பதையும் சொல்லுங்கள், அந்தப் பத்தாவது ஆள் யார் என்று இன்றைக்கு யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது என்பதையும் சொல்லுங்கள். இரண்டையும் சேர்த்தே எங்களால் கேட்க முடியும். மனிதர்கள் இதைவிடக் கஷ்டமான கணக்குகளோடு எல்லாம் குடும்பம் நடத்துகிறார்கள்.

வெள்ளையைப் பார்த்துப் பயப்படுகிறோம், சிவப்பைக் கண்டுகொள்வதில்லை. வாயின் உள்பகுதி சிவப்புதானே, அதில் கொஞ்சம் கூடுதலாகச் சிவந்திருந்தால் யாருக்குச் சந்தேகம் வரும்? சூடாக ஏதாவது குடித்துப் பட்டுவிட்டது என்று நினைப்போம். ஷேஃபர், வால்ட்ரன் என்ற இரண்டு வாய்நோயியல் அறிஞர்கள் 1975இல் 65 எரித்ரோபிளேக்கியாக்களின் திசுவைப் பரிசோதித்து எழுதினார்கள். பரிசோதித்த அன்றைக்கே அவற்றில் 51 சதவீதம் ஊடுருவிய புற்றுநோயாக இருந்தது. இன்னொரு 40 சதவீதம் அதற்கு ஒரு படி முந்தைய நிலையில் இருந்தது. மீதி 9 சதவீதம் மட்டும்தான் லேசான மாற்றத்தோடு நின்றிருந்தது. ஆக, வெல்வெட் மாதிரி மினுக்கும் சிவப்புத் திட்டைப் பார்த்தால் "வருங்காலத்தில் ஆபத்து" என்று பேசவே நேரம் கிடையாது. வெள்ளையும் சிவப்பும் கலந்து புள்ளி புள்ளியாக இருந்தாலும் அதே அவசரம்தான். பெரும்பாலும் வலிக்காது. வலிக்காத ஒன்றுக்காக யாரும் பல் மருத்துவரிடம் வருவதில்லை. வேறு எதற்கோ வந்தபோது நீங்கள் பார்த்தால்தான் உண்டு.

இப்போது என்னை அதிகம் உறுத்துகிற விஷயத்துக்கு வருகிறேன். "நீங்கள் புகைப்பதில்லை அல்லவா, அப்புறம் என்ன பயம்?"

இந்தக் கேள்வி தப்பான திசையில் ஆறுதல் சொல்கிறது. புகையிலை, பாக்கு, மது மூன்றும் வாய்ப்புற்றுநோய்க்கு முக்கியக் காரணங்கள் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. இந்தத் திட்டுகள் பெரும்பாலும் அவற்றால்தான் வருகின்றன. ஆனால் திட்டு ஏற்கெனவே வந்துவிட்ட ஒருவரை எடுத்துக்கொண்டால் கணக்கு மாறுகிறது. எந்தப் பழக்கமும் இல்லாதவருக்கு வந்த லியூகோபிளேக்கியா, புகைப்பவருக்கு வந்ததைவிடப் புற்றுநோயாக மாறும் வாய்ப்பு கூடுதல் என்று பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. யோசித்தால் இதில் ஆச்சரியம் இல்லை. புகையால் தடித்த தோல், புகையை விட்டால் பல சமயம் சுருங்கிப் போய்விடும். எந்த உறுத்தலும் இல்லாமல் தானாக வந்த திட்டுக்கு விடுவதற்கு என்று எதுவும் இல்லை. செல்லுக்குள்ளேயே ஏதோ பிசகியிருக்கிறது.

அதோடு பெண்ணாக இருப்பது, திட்டு நாக்கின் ஓரத்திலோ நாக்கின் அடியிலோ இருப்பது, 200 சதுர மில்லிமீட்டருக்கு மேல் பரந்திருப்பது, சமமாக இல்லாமல் முண்டும் முடிச்சுமாகவோ சிவப்பு கலந்தோ இருப்பது, வயது கூடியிருப்பது எல்லாமே ஆபத்தைக் கூட்டுகிற அம்சங்களாகத் திரும்பத் திரும்ப எழுதப்பட்டிருக்கின்றன. நான் சொன்ன வெருக்கஸ் வகையை ஹேன்சனும் அவருடைய சகாக்களும் 1985இல் 30 நோயாளிகளை வைத்து முதன்முதலாக விவரித்தார்கள். அது அதிகம் வருவது வயதான பெண்களுக்கு, பல பேருக்குப் புகையிலைப் பழக்கமே கிடையாது. ஈறில் சின்னதாக வெள்ளையாக ஆரம்பித்து, வருடக்கணக்கில் சாதுவாக இருந்து, அப்புறம் கிளை விடும். "பழக்கம் இல்லையே" என்ற ஒரு வரியில் உங்கள் எச்சரிக்கையிலிருந்து கழன்றுவிடுகிறவர்கள் இவர்கள்தான். பழக்கத்தைக் கேளுங்கள், கட்டாயம் கேளுங்கள். இல்லை என்ற பதில் வந்ததும் நிமிர்ந்து உட்காருங்கள்.

பழக்கம் உள்ளவரிடம் எப்படிக் கேட்கிறீர்கள் என்பதும் முக்கியம். "பாக்கு, புகையிலை போடுவீர்களா?" என்று உதவியாளர், வரவேற்பறையில் உட்கார்ந்திருக்கும் எல்லோர் காதிலும் விழும்படி கேட்டால் இல்லை என்றுதான் பதில் வரும். கதவைச் சாத்திவிட்டு நீங்களே கேட்டால் உண்மை வரும். விட்டால் திட்டு சுருங்க வாய்ப்பு இருக்கிறது என்று சொன்னால், விடுவதற்கு ஒரு காரணமும் கிடைக்கும். இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை, உங்களுக்கே தெரியும்.

அடுத்தது பயாப்சி. எங்கள் பக்கத்திலும் தடை இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். கத்தி பட்டால் பரவிவிடும் என்ற பயம் படித்தவர், படிக்காதவர் எல்லோருக்கும் உண்டு. ஆனால் அந்தப் பயத்தைச் சாக்காக வைத்து நீங்களும் தள்ளிப்போடுகிறீர்களோ என்று சில சமயம் தோன்றுகிறது. முதலில் துணியால் துடைத்துப் பார்ப்பீர்கள், உரிந்து வந்தால் பூஞ்சைத் தொற்று. கூரான பல் உராய்ந்தால் அதைத் தேய்த்துவிட்டு இரண்டு வாரம் பார்ப்பீர்கள். அந்த இரண்டு வாரம் நியாயமான காத்திருப்பு. அதற்குப் பிறகும் திட்டு அப்படியே இருந்தால் அடுத்த படி திசு எடுப்பதுதான். ஆனால் நடைமுறையில் அந்த இரண்டு வாரத்துக்குப் பின்னால் ஒரு களிம்பு, அதற்குப் பின்னால் ஒரு மவுத்வாஷ், அப்புறம் ஒரு மாதத்துக்கு மாத்திரை என்று நீள்கிறது. நீல மை தடவிப் பார்ப்பது, ஒளிரும் விளக்கில் பார்ப்பது, பிரஷ்ஷால் சுரண்டிப் பார்ப்பது எல்லாம் எந்த இடத்தில் வெட்டுவது என்று முடிவு செய்ய உதவலாம். வெட்டி எடுத்த திசுவுக்கு அவை மாற்றாகாது.

எனக்குப் பயாப்சி எடுத்தது எப்படி என்று சொல்கிறேன், பயப்படுகிற வேறு நோயாளிகளுக்கு நீங்கள் இதையே சொல்லலாம். நாக்கை ஒரு பஞ்சுத் துணியால் பிடித்து வெளியே இழுத்துக்கொண்டார்கள். ஊசி குத்தியபோது வலித்தது, அவ்வளவுதான் வலி. பிறகு நாக்கின் அந்தப் பக்கம் என்னுடையதே இல்லை என்கிற மாதிரி ஆகிவிட்டது. திட்டின் ஓரத்தில், கொஞ்சம் கரடுமுரடாக இருந்த இடத்தில், ஒரு பயறு அளவுக்கு எடுத்து, ஃபார்மலின் நிரப்பிய குட்டி பாட்டிலில் போட்டு என் கண் முன்னாலேயே பெயரும் தேதியும் எழுதினார்கள். இரண்டு தையல். கொஞ்ச நாள் 'ச' வரும் வார்த்தைகளை எல்லாம் குழறிக்கொண்டு சொன்னேன். தையல் நூலின் முனை பல்லில் உரசிக்கொண்டே இருந்ததுதான் பெரிய தொல்லை. எதுவும் பரவவில்லை. மழமழவென்று அழகாக இருந்த இடத்தில் எடுக்காமல், சந்தேகமான இடத்தில் எடுக்க அந்த மருத்துவர் நேரம் செலவிட்டதைத்தான் பெரிதாக மதிக்கிறேன். ஒரே திட்டில் ஓர் இடம் சாதுவாகவும் அரை அங்குலம் தள்ளி வேறு மாதிரியாகவும் இருக்கக்கூடும்.

ரிப்போர்ட் வந்தது. "டிஸ்பிளேசியா இல்லை" என்று எழுதியிருந்தது. புற்றுநோய்ப் பக்கம் போகிற மாதிரியான செல் மாற்றம் இல்லை என்று அர்த்தம். கையில் வாங்கியபோது விடுதலைப் பத்திரம் மாதிரிதான் இருந்தது. நிறையப் பேர் அப்படித்தான் வாங்கிக்கொண்டு போகிறார்கள், போனவர்கள் திரும்பி வருவதில்லை.

இதைப் பற்றி சில்வர்மன் குழுவினர் 1984இல் வெளியிட்ட ஆய்வை நீங்கள் கல்லூரியில் படித்திருப்பீர்கள். லியூகோபிளேக்கியா உள்ள 257 பேரைச் சராசரியாக ஏழு வருடங்களுக்கு மேல் பின்தொடர்ந்தார்கள். 45 பேருக்குப் புற்றுநோய் வந்தது. தொடக்கத்திலேயே டிஸ்பிளேசியா இருந்த 22 பேரில் 8 பேருக்கு வந்தது, அதாவது மூன்றில் ஒருவருக்கு மேல். இந்த எண்ணைத்தான் எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள். எனக்கு மற்ற எண்தான் பெரிதாகத் தெரிகிறது. 45இல் 8ஐக் கழித்தால் 37. புற்றுநோய் வந்தவர்களில் பெரும்பான்மையினர், முதல் பயாப்சியில் டிஸ்பிளேசியா இல்லை என்று ரிப்போர்ட் வாங்கியவர்கள். டிஸ்பிளேசியா இருந்தால் ஆபத்து கூடுதல் என்பது உண்மை, இல்லையென்றால் ஆபத்து இல்லை என்பது உண்மையல்ல. டிஸ்பிளேசியாவை லேசானது, நடுத்தரமானது, கடுமையானது என்று தரம் பிரிப்பதில்கூட ஒரே கண்ணாடித் தகட்டைப் பார்க்கும் இரண்டு நிபுணர்களுக்குள் ஒத்துப்போகாமல் இருப்பது சகஜம். அந்தத் தாளை எங்கள் கையில் கொடுக்கும்போது "இன்றைக்கு, இந்த இடத்தில் இல்லை" என்று வாய் விட்டுச் சொல்லுங்கள்.

சரி, இருந்தால் என்ன செய்வது? இங்கேயும் உங்களிடம் கொஞ்சம் நேர்மையை எதிர்பார்க்கிறேன். திட்டு புற்றுநோயாக மாறாமல் தடுக்கும் என்று நிரூபிக்கப்பட்ட மருந்து இன்றுவரை இல்லை. வைட்டமின் ஏ, பீட்டா கரோட்டின், லைகோபீன், இன்னும் என்னென்னவோ முயன்றிருக்கிறார்கள். மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் அமைப்பின் மதிப்பாய்வு ஒன்று 2016இல் வெளிவந்தது. அது இத்தகைய சோதனைகளை எல்லாம் சலித்துப் பார்த்துவிட்டு, சில மருந்துகளால் திட்டு சுருங்கலாம், ஆனால் புற்றுநோய் குறைகிறது என்பதற்கு ஆதாரம் இல்லை என்றுதான் முடித்தது. 1986இல் ஹாங் என்பவரின் குழு வைட்டமின் ஏ வகையைச் சேர்ந்த ஒரு மருந்தை அதிக அளவில் கொடுத்துப் பார்த்தது. மருந்து சாப்பிட்ட 24 பேரில் 16 பேருக்குத் திட்டு நன்றாகக் குறைந்தது, போலி மாத்திரை சாப்பிட்ட 20 பேரில் 2 பேருக்குத்தான் குறைந்தது. கேட்பதற்கு அருமையாக இருக்கிறது. ஆனால் மருந்தை நிறுத்திய இரண்டு மூன்று மாதங்களுக்குள் அந்த 16 பேரில் 9 பேருக்குத் திட்டு திரும்பி வந்துவிட்டது. பக்கவிளைவுகள் வேறு.

ஆகவே பாட்டில் நிறைய ஆன்டிஆக்ஸிடன்ட் மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்பும்போது, அதனால் கெடுதல் இல்லை என்று நீங்கள் நினைக்கலாம். எங்கள் தரப்பிலிருந்து பார்த்தால், மருந்து கொடுத்திருக்கிறார்கள், சரியாகிவிடும் என்று அர்த்தம். மருந்து தீர்ந்ததும் வருவதை நிறுத்திவிடுகிறோம்.

வெட்டி எடுப்பது? மெஹன்னாவும் சகாக்களும் 2009இல் 992 டிஸ்பிளேசியா நோயாளிகளின் விவரங்களைச் சேர்த்துப் பார்த்ததில், வெட்டி எடுக்காதவர்களில் 14.6 சதவீதம் பேருக்கும் எடுத்தவர்களில் 5.4 சதவீதம் பேருக்கும் புற்றுநோய் வந்திருந்தது. நல்ல வித்தியாசம். பூஜ்யம் இல்லை. அந்த ஆய்வுகள் குலுக்கல் முறையில் பிரித்துச் செய்யப்பட்டவையும் அல்ல. எடுத்த பிறகும் ஏன் வருகிறது என்பதற்கு விளக்கம் 1953லேயே இருக்கிறது. ஸ்லாட்டர் குழுவினர் வாய், தொண்டைப் புற்றுநோய் நோயாளிகள் 783 பேரின் திசுக்களைப் பார்த்தபோது, கட்டியைச் சுற்றி, கண்ணுக்குச் சாதாரணமாகத் தெரிந்த இடங்களிலும் செல்கள் மாறியிருந்தன. 11 சதவீதம் பேருக்கு ஒன்றுக்கு மேற்பட்ட தனித்தனிக் கட்டிகள் இருந்தன. வயலில் ஒரு செடியைப் பிடுங்கினாலும் மண் அதே மண்தான். திட்டை எடுத்துவிட்டோம் என்று சொல்லும்போதே, வாய் முழுவதையும் இனியும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். லேசர் வைத்து எடுத்தவருக்கும் இது பொருந்தும். "லேசரில் எரித்தாயிற்று, இனி வராது" என்று விளம்பரப் பலகை போடுகிறவர்களை நீங்களே கூப்பிட்டுக் கேளுங்கள்.

இடையில் ஒரு சமாச்சாரம். இந்தத் துறையில் நம்பிக்கை எப்படி அடிபட்டது என்பது பலருக்குத் தெரியாது. நார்வேயைச் சேர்ந்த யோன் சுட்பே என்ற ஆராய்ச்சியாளர், சாதாரண வலி மருந்துகள் வாய்ப்புற்றுநோய் ஆபத்தைக் குறைக்கின்றன என்று 908 பேரின் விவரங்களோடு 2005இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் எழுதினார். அந்த 908 பேரும் கற்பனை என்று அடுத்த வருடமே தெரியவந்தது. அவர்களில் 250 பேருக்கு ஒரே பிறந்தநாள்! லியூகோபிளேக்கியா பற்றிய அவருடைய வேறு கட்டுரைகளும் திரும்பப் பெறப்பட்டன. எந்தத் திட்டு மாறும் என்பதைச் செல்லின் டிஎன்ஏ அளவை வைத்தே சொல்லிவிடலாம் என்று அவர் கொடுத்திருந்த நம்பிக்கையை மருத்துவர்கள் பலர் ஏற்கெனவே நோயாளிகளிடம் பேசத் தொடங்கியிருந்தார்கள். டிஎன்ஏ மாற்றங்களைப் பார்ப்பதில் பலன் இருக்கிறது என்பதை மற்றவர்கள் பிறகு ஒழுங்காகக் காட்டியிருக்கிறார்கள், அது வேறு விஷயம். பிறந்தநாள் பட்டியலைக்கூடச் சரிபார்க்காமல் விட்டார்களே என்று எனக்கு இன்றும் ஆறவில்லை.

சப்மியூகஸ் ஃபைப்ரோசிஸ் பற்றி ஒரு வார்த்தை. இதில் திட்டு என்று தனியாக எதுவும் இருக்காது, வாயே இறுகிப் போகும். 1952இல் ஷ்வார்ட்ஸ் என்பவர் கென்யாவில் வாழ்ந்த ஐந்து இந்தியப் பெண்களிடம் இதைப் பார்த்து எழுதினார். காரணம் பாக்கு. புகையிலை சேர்க்காத வெறும் பாக்கே போதும். பாக்கைப் புற்றுநோய் உண்டாக்கும் முதல் வகைப் பொருள்களின் பட்டியலில் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2004இல் சேர்த்து வெளியிட்டது. காரம் பட்டால் எரியும், கன்னம் வெளுத்துக் கயிறு கயிறாகக் கட்டிப்போகும், மூன்று விரல் நுழைந்த வாயில் இரண்டு, பிறகு ஒன்று என்று குறையும். 66 நோயாளிகளைப் பதினேழு வருட காலத்தில் பின்தொடர்ந்த ஓர் ஆய்வில் 7.6 சதவீதம் பேருக்குப் புற்றுநோய் வந்தது. பாக்கை விட்டாலும் இறுகியது பழையபடி ஆகாது. கொடுமை என்னவென்றால், வாய் திறக்காததால் உள்ளே புற்றுநோய் வந்தாலும் உங்களால் பார்க்க முடியாது. சின்ன வயதுப் பையன் ஒருவன் வாயைப் பாதிதான் திறக்கிறான் என்றால், பல்லைச் சுத்தம் செய்து அனுப்பிவிடாதீர்கள். எவ்வளவு திறக்கிறது என்று ஸ்கேல் வைத்து அளந்து எழுதுங்கள்.

அளந்து எழுதுவது. இந்த மடல் முழுவதையும் விட்டுவிட்டு ஒரே ஒரு கோரிக்கை வைக்கச் சொன்னால் இதைத்தான் வைப்பேன். இந்தத் திட்டுகள் மாறுவதென்றால் மாதக்கணக்கில் மாறுவதில்லை, பெரும்பாலும் வருடங்கள் ஆகும். பத்து வருடம் கழித்து மாறியவையும் உண்டு. போன தடவை எப்படி இருந்தது என்று தெரிந்தால்தானே இந்தத் தடவை மாறியிருக்கிறதா என்று தெரியும்? "இடது நாக்கில் வெள்ளைத் திட்டு, கண்காணிக்கவும்" என்று மட்டும் எழுதிய ஃபைலை அடுத்து பார்க்கும் மருத்துவர் என்ன செய்ய முடியும்? இன்றைக்கு என்னைப் பார்க்கும் மருத்துவர், ஈறின் ஆழம் பார்க்கும் அந்தக் கோடு போட்ட கருவியைத் திட்டின் பக்கத்தில் வைத்து, அதோடு சேர்த்து ஃபோட்டோ எடுக்கிறார். நீளம், அகலம் மில்லிமீட்டரில். கையுறை போட்ட விரலால் அழுத்தி, மெத்தென்று இருக்கிறதா கெட்டியாக இருக்கிறதா என்று சொல்லி எழுதவைக்கிறார். ஓர் ஓரத்தில் புதிதாகச் சிவப்பு இருக்கிறதா என்று பழைய படத்தைத் திரையில் வைத்துப் பக்கத்தில் பக்கத்தில் பார்க்கிறார். கழுத்தில் நெறி கட்டியிருக்கிறதா என்று தடவிப் பார்க்கிறார். ரொம்ப நேரம் ஆவதில்லை. இதற்குப் பெரிய இயந்திரம் எதுவும் தேவைப்படவில்லை.

பெரிய இயந்திரம் தேவையில்லை என்பதற்குப் பெரிய சான்றே இருக்கிறது. 1996இல் கேரளத்தில் திருவனந்தபுரத்தை ஒட்டித் தொடங்கிய ஆய்வில், பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் வீடு வீடாகப் போய், வெளிச்சத்தில் வாயைக் கண்ணால் பார்த்தார்கள். 35 வயதுக்கு மேற்பட்டவர்களை மூன்று வருடத்துக்கு ஒருமுறை. புகையிலை அல்லது மதுப் பழக்கம் உள்ளவர்களிடையே வாய்ப்புற்றுநோய் மரணம் 34 சதவீதம் குறைந்ததாக 2005இல் எழுதினார்கள். மொத்த மக்கள்தொகையில் உறுதியான வித்தியாசம் தெரியவில்லை என்பதையும் அவர்களே சொன்னார்கள். அவர்கள் மருத்துவர்கள்கூட இல்லை. உங்களிடம் படிப்பும் வெளிச்சமும் சாய்ந்த நாற்காலியும் இருக்கின்றன. நாங்கள் வாயைத் திறந்துகொண்டே இருக்கிறோம்.

அடுத்த தேதியையும் எங்கள் பொறுப்பில் மட்டும் விடாதீர்கள். ஆறு மாதம் கழித்து பல்லைச் சுத்தம் செய்ய வாருங்கள் என்று உங்கள் கிளினிக்கிலிருந்து குறுஞ்செய்தி வருகிறது. திட்டைப் பார்க்க வாருங்கள் என்று யாரும் அனுப்புவதில்லை. இதே மென்பொருளில் இன்னொரு கட்டம் சேர்த்தால் போதும். கூடுதல் ஆபத்து என்று நீங்கள் நினைப்பவர்களுக்கு மூன்று மாதம், மற்றவர்களுக்கு ஆறு மாதம் என்று நீங்களே முடிவு செய்யுங்கள். எங்களுக்கு ஒரு தாளில் நான்கு வரி எழுதிக் கொடுங்கள்: நோயின் பெயர், எந்த இடம், என்ன அளவு, எப்போது உடனே ஓடி வர வேண்டும். அந்தக் கடைசி வரிதான் முக்கியம். திட்டில் சிவப்பு ஏறினால், புண்ணாகி இரண்டு வாரத்தில் ஆறாவிட்டால், தொட்டால் கெட்டியாக இருந்தால், காரணமில்லாமல் ரத்தம் வந்தால், பல் திடீரென்று ஆடினால், விழுங்கும்போது காது வரை வலித்தால், கழுத்தில் கட்டி தட்டுப்பட்டால். இது எனக்குத் தெரிந்தது நானே தேடிப் படித்ததால். தேடிப் படிக்க நேரமோ வழியோ இல்லாதவருக்கு அந்தத் தாள் வேண்டும்.

2022ஆம் ஆண்டுக் கணக்குப்படி உதடு, வாய்ப் புற்றுநோய் உலகில் புதிதாக வந்தவர்கள் சுமார் 3 லட்சத்து 90 ஆயிரம் பேர், இறந்தவர்கள் 1 லட்சத்து 88 ஆயிரம் பேர். ஒரே இடத்தில் சின்னதாக இருக்கும்போது கண்டுபிடித்தால் ஐந்து வருடம் தாண்டி வாழ்பவர்கள் ஐந்தில் நான்கு பேர். முற்றிய பிறகு என்றால் பாதிகூட இல்லை. அத்தனை புற்றுநோயும் திட்டிலிருந்து வருவதில்லை, சில முன்னறிவிப்பே இல்லாமல் வருகின்றன என்பதும் தெரியும். முன்னறிவிப்பு கொடுத்து வருபவற்றைப் பற்றித்தான் இவ்வளவும் எழுதினேன்.

இன்னும் ஒன்று இருக்கிறது, இதை யாரும் பேசி நான் கேட்டதில்லை. எங்கள் திட்டுக்கு நீண்ட ஆயுள். உங்கள் கிளினிக் இடம் மாறும், நீங்கள் ஓய்வு பெறுவீர்கள், மென்பொருளை மாற்றுவீர்கள். அப்போது பத்து வருடப் படங்கள் ஒரு பழைய கணினியோடு போய்விடுகின்றன. நாங்கள் புது மருத்துவரிடம் போய் முதலிலிருந்து ஆரம்பிக்கிறோம், அவர் முதல்முறையாகப் பார்க்கும் திட்டு அவருக்குப் புதுத் திட்டு. ஆகவே படம் எடுக்கும்போதே ஒரு பிரதியை எங்கள் ஃபோனுக்கு அனுப்பிவிடுங்கள், தேதியோடு, அளவோடு. பயாப்சி ரிப்போர்ட்டின் நகலும் வேண்டும். பயாப்சியில் எடுத்த திசுவை மெழுகில் பதித்து வைத்த கட்டி எந்த லேபில், எந்த எண்ணில் இருக்கிறது என்பதையும் அதிலேயே குறித்துக் கொடுங்கள், பின்னால் வேறொருவர் மறுபடி பார்க்க வேண்டி வரலாம். கிளினிக்கை மூடுவதாக இருந்தால், திட்டு உள்ள நோயாளிகளை மட்டுமாவது முன்கூட்டியே கூப்பிட்டு, அடுத்து யாரிடம் போக வேண்டும் என்று பெயர் சொல்லி ஒப்படையுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் நோயாளி ஒருத்தி